இரவல் விரல்

“கோணியூசி வருது!” என்று கீழ்த்தளத்து மளிகைக்கடைக்காரர் ஒரு குரல் கொடுத்தால் போதும், எங்கள் கட்டடத்தில் அத்தனை பேரும் உத்தமர்களாகிவிடுவார்கள். பிஸ்கட் டப்பா கட்டிலுக்கு அடியில் போகும். இரண்டாம் மாடிக்காரர் சிகரெட்டை அணைத்துவிட்டு, துண்டை விசிறிப் புகையை ஜன்னல் வழியே துரத்துவார். எனக்கு மேல்வீட்டுக்காரர் தொடாமலே வைத்திருக்கும் மாத்திரை அட்டையிலிருந்து சிலதைப் பிதுக்கிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றுவார். சாப்பிட்டதாகக் கணக்குக் காட்ட வேண்டுமே! பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பிள்ளைகள்கூட இவ்வளவு நடிக்காது.

கோணியூசி என்பது நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். நேரில் சிஸ்டர். சுகாதார நிலையத்து நர்ஸ். சர்க்கரை, பிரஷர், இழுப்பு என்று ஒருமுறை வந்தால் நம்மோடு கடைசிவரை குடித்தனம் நடத்தும் வியாதிக்காரர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. ஒரேயடியாக ஆளைச் சாய்க்கும் வியாதிகளைப் பெரிய ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். தவணை முறையில் கொல்லும் வியாதியெல்லாம் இவர் தலையில். தோளில் ஒரு நீலப் பை, அதற்குள் பிரஷர் மிஷின், ஊசி, பஞ்சு. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, ஓடித்தான் யாரும் பார்த்ததில்லை. முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்து, சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, “தினமும் நடக்கிறீங்களா?” என்று நம்மைக் கேட்பார். சிரிப்பு வரும். அடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் ஏறிக் காட்டும்.

பிரஷர் எனக்கு. மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தையல்காரி நான். பிரஷர் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். இந்த மனிதர்களுக்கு நடுவில் நீங்களும் கொஞ்ச காலம் குடியிருந்து பாருங்கள், தானாக வரும்.

சிஸ்டருக்குத் தேனொழுகப் பேச வராது. “உங்க உடம்பு, உங்க இஷ்டம். நாளைக்குக் கண்ணு தெரியலைன்னு என்கிட்ட வந்து அழக்கூடாது, சொல்லிட்டேன்” என்பார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே சமையலறைக் குப்பைக் கூடையை எட்டிப் பார்ப்பார். கையைப் பிடித்துத் திருப்பி, “நேத்து எந்த விரல்ல குத்தினீங்க? இன்னைக்கு வேற விரல்” என்பார். விரல் நுனியைப் பார்த்தே ஒருத்தர் ஒழுங்காகப் பரிசோதனை செய்கிறாரா டிமிக்கி கொடுக்கிறாரா என்று சொல்லிவிடுவார். ஊரெல்லாம் இப்படி மிரட்டுகிற மனுஷிக்குச் சொந்த வீட்டில் என்ன மரியாதை தெரியுமா? யூனிஃபார்முக்கு அளவு கொடுக்க வந்தபோது அவரே சொன்னார். “என் வீட்டுக்காரர் என் கண்ணு முன்னாடியே டீயில மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்குறாரு டெய்லரம்மா. கேட்டா, ‘நர்ஸ் வேலையை ஆஸ்பத்திரியில வச்சுக்கோ’ங்கிறாரு.” எனக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது.

சிஸ்டரின் ஒரே பலவீனம் எண்கள். அது அவர் குற்றமில்லை. சுகாதார நிலையத்தில் ஓர் அதிகாரி இருக்கிறார். நோயாளி எவர் முகமும் அவருக்குத் தெரியாது, நோயாளிகளின் எண்கள் மட்டும் தெரியும். “எத்தனை பேருக்குக் கன்ட்ரோல்ல இருக்கு?” என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. குறைந்தால் சிஸ்டர் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். வியாதியஸ்தன் கேக் தின்பான், திட்டு இவருக்கு.

இப்போது மாஸ்டரிடம் வருவோம். எனக்கு எதிர்வீடு. டிரைவிங் ஸ்கூலில் பல காலம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், அதனால் மாஸ்டர். இந்தப் பகுதியில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். தெருவில் நடக்க நான் பயப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். எதிரே லாரி வரும்போது ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் மாணவர்களின் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த தைரியசாலி. ஆனால் ஊசியைக் கண்டால் மட்டும் ஓட்டம் பிடிப்பார். அந்த மனிதருக்குத்தான் சர்க்கரை எகிறிக்கொண்டே போனது. காலில் மரத்துப்போன உணர்ச்சியும் ஆரம்பித்திருந்தது. ஒருநாள் சிஸ்டர் பையை மூடிக்கொண்டே சொன்னார்.

“மாஸ்டர், மாத்திரை இனி தாங்காது. அடுத்த தடவைக்குள்ள குறையலைன்னா இன்சுலின்தான். தினமும் ஊசி.”

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. “தினமுமா? வாழ்நாள் பூராவா?”

“பின்னே, அரை வாழ்நாளா? இந்தாங்க மிஷின். தினமும் காலையில விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைங்க. எல்லாம் இதுக்குள்ள பதிஞ்சிருக்கும், நான் வந்து பட்டனை அமுக்கினா தெரிஞ்சிடும். என்கிட்டதான் பொய் சொல்வீங்க, மிஷின்கிட்ட சொல்ல முடியாது.”

பாவம் சிஸ்டர். ஊரையே பரீட்சையில் பாஸ் பண்ண வைத்த ஆளிடம் போய் இப்படிச் சொல்லலாமா? மிஷின் பொய் சொல்லாது, சரி. ஆனால் ரத்தம் யாருடையது என்று அது கேட்பதில்லையே! மறுநாள் காலை நடந்ததை நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மாஸ்டரின் மனைவி என்னிடம் வந்து சொன்னாள். மாஸ்டர் அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். கையை நீட்டு என்றிருக்கிறார்.

“எதுக்குங்க?”

“ஒரு சொட்டுதான். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்.”

“அது உங்க மிஷினாச்சே?”

“நீ வேற நான் வேறயா?” என்று கேட்டுக்கொண்டே குத்திவிட்டார் மனுஷன்.

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்த வார்த்தை இப்பத்தான் வருது, பாத்துக்கோ. அதுக்கு ஒரு மிஷின் தேவைப்பட்டிருக்கு.” விஷயம் மாடிப்படி வழியாகவே எல்லாத் தளத்துக்கும் பரவியது. எல்லாரும் சிரித்தோம். சிஸ்டரிடம் யாராவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். காட்டிக்கொடுப்பது எங்கள் குணமில்லை. வேடிக்கை பார்ப்பதுதான் எங்கள் குணம்.

மாஸ்டரின் எண்கள் மளமளவென்று இறங்கின. நூற்றுப்பத்து, நூற்றைந்து. பட்டனை அமுக்கிப் பார்த்த சிஸ்டர் நம்ப முடியாமல் இன்னொரு முறை அமுக்கினார். ஒரு மாத்திரையைக் குறைத்தார். “சும்மா சொல்லக்கூடாது மாஸ்டர், சாதிச்சிட்டீங்க” என்றார். மாஸ்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அடக்கம் இருக்கிறதே, அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. மாஸ்டரை ‘மாதிரி நோயாளி’ என்று அறிவித்து, சுகாதார நிலையத்துச் சுவரில் அவர் போட்டோவைப் பெரிதாக மாட்டினார்கள். கூட்டம் போட்டார்கள். மாஸ்டர் மைக்கைப் பிடித்து, “நாக்கைக் கட்டிட்டா நோயைக் கட்டிடலாம். எல்லாம் மனக்கட்டுப்பாடு” என்று முழங்கினார். முன்வரிசையில் இருந்த சர்க்கரைக்காரர்கள் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தார்கள். பின்வரிசையில் அக்கா விரலை நீவிக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து மாஸ்டர் நேராகப் போனது பேக்கரிக்கு. இரண்டு க்ரீம் பன், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ.

அன்றைக்கு சிஸ்டருக்கும் கைதட்டினார்கள். எத்தனையோ வீட்டு மாடிப்படி ஏறி இறங்கிய அந்த மனுஷிக்கு ஒருவர் கைதட்டியது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் சிவந்து, எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். அதற்குப் பிறகு மாஸ்டர் வீட்டில் அவர் யார் விரலையும் திருப்பிப் பார்க்கவில்லை. வருவார், பட்டனை அமுக்குவார், எண்ணைக் குறித்துக்கொள்வார், அக்கா கொடுக்கும் டீயைக் குடிப்பார், போய்விடுவார். “ஒரு தடவை நிலையத்துக்கு வந்து ரத்தம் கொடுத்துட்டுப் போங்களேன்” என்று கேட்டால், “அதான் மிஷின்லயே இருக்கே சிஸ்டர்” என்பார் மாஸ்டர். மாதிரி நோயாளியிடம் அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது?

இந்தச் சமயத்தில்தான் அக்காவின் ரவிக்கைகள் என் மிஷினுக்கு வர ஆரம்பித்தன. எல்லாம் தொளதொளவென்று போயிருந்தன. இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடி கொண்டுவந்தாள், மறுபடி பிடித்தேன்.

“நல்லா இளைச்சிட்டீங்களேக்கா! என்ன ரகசியம்?”

“ரகசியமாவது ஒண்ணாவது. வயசாகுதில்ல” என்று சொல்லிவிட்டு என் தண்ணீர் ஜக்கைத் தூக்கி முழுசாகக் குடித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே என் நாற்காலியில் தூங்கிப்போனாள். வெயில் காலம், களைப்பு என்று நினைத்துக்கொண்டு மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

சிஸ்டர் ஒருநாள் பட்டனை அமுக்கினார், புருவத்தைத் தூக்கினார். “என்ன மாஸ்டர், நூத்தி எண்பது?”

மாஸ்டர் நிஜமாகவே ஆடிப்போனார். “சத்தியமா சொல்றேன் சிஸ்டர், நான் ஒண்ணுமே பண்ணலை!”

அந்த மனிதர் வாயிலிருந்து உண்மை வந்தது அந்த ஒருமுறைதான். சிஸ்டர் நம்பவில்லை. குறைத்த மாத்திரையைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த தடவை இருநூறைத் தாண்டியது. அதிகாரி சிஸ்டரைக் கூப்பிட்டு, “போட்டோ மாட்டியாச்சே, இப்ப அதை என்ன பண்றது?” என்று கேட்டாராம். மாஸ்டருக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. சுவருக்கு என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை.

மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? கேட்டால் கன்னத்தில் கை வைத்துக்கொள்வீர்கள். அக்காவைப் பத்தியம் இருக்க வைத்தார்.

“என்னத்தைத் தின்னு தொலைக்கிறே? என் சுகர் ஏறுதுல்ல!” என்று அவர் கத்துவது என் வீட்டுக்குக் கேட்கும். அக்காவின் டீயில் சர்க்கரை நின்றது. ரொட்டி ஒரு துண்டாகக் குறைந்தது. மிச்சத்தை வீணாக்கக் கூடாதென்று மாஸ்டரே தின்றார். விடிந்ததும் அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார், அவள் சுற்றிவர வேண்டும். “நிக்காதே! இன்னும் ரெண்டு சுத்து! சிஸ்டர் இன்சுலின் போடணும்னு சொல்லிருவா!” என்று பெஞ்சிலிருந்து குரல் கொடுப்பார், கற்றுக்குட்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லும் அதே குரலில். என் கண்ணால் பார்த்தேன். கையிலிருந்த பால் பாக்கெட்டை அந்த மண்டையில் வீசலாமா என்றிருந்தது.

அதற்கும் எண் இறங்கவில்லை. அதனால் மாஸ்டர் நல்ல எண் வரும்வரை குத்த ஆரம்பித்தார். இந்த விரலில் சரியில்லையா, அடுத்ததைக் காட்டு. அந்தக் கை சரியில்லையா, இந்தக் கை. ஒருநாள் அக்கா ரவிக்கையில் ஒரு கொக்கி தைத்துத் தரச் சொல்லி வந்து நின்றாள்.

“ஒரு கொக்கி தைக்க உங்களுக்கு நான் வேணுமாக்கா?”

“ஊசி பிடிக்க முடியலை. விரலெல்லாம் எரியுது” என்று கையை விரித்தாள். பத்து விரல் நுனியிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். எனக்குச் சிரிப்பு அன்றோடு நின்றது.

“சிஸ்டர்கிட்ட சொல்லிருங்கக்கா. போதும் இந்தக் கூத்து.”

“சொன்னா அவருக்கு ஊசி போட்ருவாங்கடி. பயந்தவரு. எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்?” என்று சொல்லிக்கொண்டே ஜக்கை எடுத்தாள். அந்த மிஷின் நாள்தவறாமல் அக்காவைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. மாஸ்டர் பெயர் எழுதி ஒட்டிய மிஷின் வேறு யாரைப் பற்றிப் பேசும்?

அடுத்து சிஸ்டர் வந்தபோது நானும் மாஸ்டர் வீட்டில் இருந்தேன். சிஸ்டருக்கு முழங்கால் வலி அதிகமானதால் எனக்கும் அங்கேயே பிரஷர் பார்த்துவிடுவார். வந்ததும் உட்காராமலே சொன்னார். “மாஸ்டர், இனிமே பேச்சில்லை. நாளைக்கே இன்சுலின்.” மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். அந்த நேரம் பார்த்து அக்கா டீ கொண்டுவந்தாள். டம்ளரைச் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்திருந்தாள்.

“அவ்வளவு சூடாவா இருக்கு?” என்று டம்ளரை வாங்கினார் சிஸ்டர். டீ ஆறிப்போயிருந்தது. டீ கொஞ்சம் சிந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பினார். ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். நேராக மாஸ்டரிடம் போய் அவர் கையை இழுத்து விரித்தார்.

“இன்னைக்குக் காலையில எந்த விரல்ல குத்தினீங்க?”

“இதுல... இல்லை, இந்தப் பக்கம்...”

“குழந்தை கன்னம் மாதிரி இருக்கே மாஸ்டர்! ஒரு புள்ளியைக் காணோம்?”

“ஆறிப்போச்சு சிஸ்டர். எனக்குச் சட்டுனு ஆறுற உடம்பு.”

“சர்க்கரை உடம்பு சட்டுனு ஆறிடுச்சா? அடடா, இதுக்கும் ஒரு போட்டோ மாட்டிரலாமே!” என்று சொல்லிக்கொண்டே அவர் விரலில் குத்தினார். மாஸ்டர் போட்ட கூச்சலில் கீழ்த்தளத்துக் கடைக்காரர் மாடிப்படியில் எட்டிப் பார்த்தார். மிஷின் எண்ணே காட்டவில்லை. தன்னால் அளக்க முடிகிற எல்லையைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது.

பிறகு விழுந்தது பாருங்கள் டோஸ்! “அறிவிருக்கா உங்களுக்கு? உங்க ரத்தம்னு நெனச்சு உங்களுக்கு மாத்திரையைக் குறைச்சேனே! காலு போயிருந்தா? கண்ணு போயிருந்தா? என்னையும் சேத்து ஊர் முன்னாடி முட்டாளாக்கி மைக்குல வேற பேசி...” சிஸ்டர் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த மிஷினைப் பார்த்தார். பழைய எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

“அப்போ இந்த இருநூத்திச் சொச்சமெல்லாம்...”

நாங்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவள் கீழே சிந்தின டீயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க?” என்றாள்.

மாஸ்டருக்குத்தான் முதலில் வாய் வந்தது. “அவளுக்கா? அவளுக்கு எப்படி வரும்? அவ நல்லாத்தானே சமைக்கிறா!”

சிஸ்டர் அவரைப் பொருட்படுத்தவில்லை. அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டார். தாகம் எடுக்குதா? எடுக்குது. அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்களா? ஆமா. அசதி? தூக்கம்? கண்ணு மங்கலா இருக்கா? எல்லாவற்றுக்கும் அக்கா ஆமா, ஆமா என்று தலையாட்டினாள். கேட்கக் கேட்க சிஸ்டரின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“ஏங்க்கா, இத்தனை நாளா ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

அக்கா தலையை நிமிர்த்தினாள். நான் அவளிடம் அப்படி ஒரு குரலை அதற்கு முன் கேட்டதில்லை. “நீங்க கேட்டீங்களா? வருஷக்கணக்கா இந்த வீட்டுக்கு வர்றீங்க சிஸ்டர். கதவைத் திறக்கிறது நான், நாற்காலி போடுறது நான், டீ கொடுக்கிறது நான். ஒரு நாளாவது என் கையைக் காட்டச் சொன்னீங்களா?”

எங்கள் கட்டடத்தில் யாருக்கும் சளைக்காமல் பதில் கொடுக்கும் சிஸ்டர், “இந்த வீட்ல மாஸ்டர் பேரு மட்டும்தானேக்கா எனக்குக் கொடுத்திருந்தாங்க...” என்று இழுத்தார்.

“பக்கத்துலதானே நின்னுட்டிருந்தேன்” என்றாள் அக்கா. சிஸ்டர் அவள் கையை விடாமல் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவள் இளைக்க இளைக்கத் துணியைப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தவள் நான்தானே.

அதற்குப் பிறகு சிஸ்டர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் குத்து கதவைத் திறப்பவருக்குத்தான். எங்கள் கட்டடத்திலேயே இன்னும் சிலர் மாட்டினார்கள், எல்லாம் டீ கொண்டுவருகிற கைகள். அதிகாரிக்குப் பயங்கரக் கோபம். “நோயாளிங்க எண்ணிக்கை கூடிப்போச்சே, நம்ம நிலையத்துக்கு எவ்வளவு கெட்ட பேர்!” என்று குதித்தாராம். “கூடலை சார். இத்தனை நாளா கதவுக்குப் பின்னாடி நின்னாங்க” என்றாராம் சிஸ்டர். மாஸ்டரின் போட்டோவை மட்டும் யாரும் கழற்றவில்லை. கழற்றினால் ஏன் கழற்றினோம் என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டுமாம். சுவரில் அவர் மனக்கட்டுப்பாட்டோடு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ள மாஸ்டருக்குத் தைரியமில்லை. சிஸ்டர் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் ஊசி போட்ட அன்று நானும் போயிருந்தேன், வேடிக்கை பார்க்கத்தான், பொய் சொல்வானேன். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கிவிட்டு, மேஜை விளிம்பை ஸ்டீயரிங் மாதிரி இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது காலால் தரையைப் பிரேக் மிதிப்பதுபோல மிதித்துக்கொண்டிருந்தார்.

“ஏய், வலிக்குமாடி?”

“ஒண்ணுமில்லைங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்” என்றாள் அக்கா.

“ஐயோ, அம்மா!”

“மாஸ்டர், இன்னும் குத்தவே இல்லை” என்றார் சிஸ்டர்.

அக்கா அவசரப்படவில்லை. வயிற்றுச் சதையைப் பிடித்து, ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊசியை இறக்கினாள். முடிந்ததும் பஞ்சை வைத்து அவரை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். சிஸ்டர் முன்னால் கையை நீட்டி, “இப்ப எனக்குப் பாருங்க” என்றாள்.

வயிற்றைத் தடவிக்கொண்டே நின்றிருந்த மாஸ்டர் வழக்கம்போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். “அப்போ டீ?” என்றார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அடுப்பு உள்ளேதான் இருக்கு. நாலு டீ. சர்க்கரை போடாம.”